ஐப்பசி முழுக்கப் பேய்ப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன ஐப்பசியில் தினம் ஒரு பேய்ப்படம் என்று 30 ராத்திரி பார்த்து முடித்தேன். வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில். வேலை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில். கடையில் கூட வேலை செய்கிறவர்கள், தெருவில் இருக்கிறவர்கள், திருவொற்றியூர் சித்தி வீட்டுப் பிள்ளைகள் என்று ஆளாளுக்குக் கேட்ட கேள்விகள் கொஞ்சமில்லை. தானும் செய்து பார்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எதுக்காக இப்படி ஒரு வேலை?

வெளிநாட்டில் அக்டோபர் 31 ஹாலோவீன், பேய் வேஷம் போட்டுக் கொண்டாடுகிற பண்டிகை. அதை வைத்து அக்டோபர் முழுக்க நாளுக்கு ஒரு திகில் படம் பார்க்கிற பழக்கம் அங்கே சினிமாப் பிரியர்களிடம் உண்டு. எனக்கு அந்தப் பண்டிகையோடு உறவு எதுவும் இல்லை. ஆனால் நம் ஊரில் ஐப்பசி இதற்கென்றே வந்த மாதம் மாதிரி இருக்கும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், ஆறு மணிக்கே இருட்டிவிடும், தெருவில் ஆள் நடமாட்டம் சீக்கிரம் அடங்கும்.

என்னுடைய காரணம் பழையது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் விசேஷம் என்றால் டிவியும் வீடியோ கேசட் ஓடுகிற டெக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். பெஞ்சு மேல் டிவியை வைத்து விடிய விடிய மூன்று படம் ஓடும். மூன்றாவது படம் பெரும்பாலும் பேய்ப்படம்தான். 1991ல் வந்த 'ஜென்ம நட்சத்திரம்' அப்படித்தான் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. அத்தை மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முழுப் படத்தையும் காதால் கேட்டேன். அந்தச் சத்தங்கள் இன்றைக்கும் எனக்குள் அப்படியே இருக்கின்றன. அன்று மூடிய கண்ணை ஒருமுறை திறந்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

30 படத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?

கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான். ஒரே ஜாதிப் படத்தை அடுத்தடுத்த நாள் பார்க்காதீர்கள். பங்களா, பங்களா, பங்களா என்று மூன்று நாள் போனால் நான்காம் நாள் கதவு கிரீச்சிட்டதும் கொட்டாவிதான் வரும். பங்களா ஒரு நாள், அடுக்குமாடி ஒரு நாள், காடு ஒரு நாள், மனுஷனே பேயாக இருக்கிற கதை ஒரு நாள் என்று மாற்றிக்கொண்டே இருங்கள்.

தமிழ்ப் படங்களை மாதம் முழுக்கப் பரப்பி வைத்தேன். 2009ல் மட்டும் இரண்டு நல்ல படங்கள் வந்திருக்கின்றன. 'யாவரும் நலம்' படத்தில் வீட்டு டிவியில் ஓடுகிற சீரியலே அந்தக் குடும்பத்தின் கதையாக மாறிவிடும். அறிவழகனின் 'ஈரம்' படத்தில் பேய் தண்ணீர் வழியாக வரும். 2012ல் கார்த்திக் சுப்புராஜ் எடுத்த முதல் படம் 'பீட்சா'. அதில் இருட்டு வீட்டுக்குள் ஒரு டார்ச் வெளிச்சத்தை மட்டும் நம்பி நீண்ட நேரம் கதை நகரும். மொபைலில் பார்க்கிறவர்கள் அந்த இடத்தில் மட்டுமாவது வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளுங்கள், பாதி தெரியாமல் போய்விடும்.

பழைய படங்களுக்குப் பயப்படாதீர்கள். 1966ல் வந்த 'யார் நீ?' படத்தை ஓடவிட்டபோது, ஜெயலலிதா வெள்ளைப் புடவையில் பாடிக்கொண்டு வருகிற இடத்தில் பக்கத்து வீட்டு ஆயா எழுந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. மலையாளத்தில் 1964ல் வந்த 'பார்கவி நிலையம்' வைக்கம் முகம்மது பஷீர் திரைக்கதை எழுதியது. ஒரு எழுத்தாளர் பேய் இருக்கிற வீட்டுக்குக் குடிவருகிறார். ஓடிப்போகாமல் அந்தப் பெண்ணோடு பேச ஆரம்பிக்கிறார், அவள் கதையை எழுத உட்காருகிறார். மொத்த மாதத்துக்கும் எனக்கு அதுதான் வழிகாட்டி. பேயிடம் என்ன ஆயிற்று என்று கேட்கிற ஒரு மனுஷன்! அதற்கு அப்புறம் எந்தப் படம் பார்த்தாலும், இந்தப் பேய் சொல்ல வருவதை யாராவது காதுகொடுத்துக் கேட்கிறார்களா என்றே பார்க்க ஆரம்பித்தேன்.

மழை கொட்டுகிற ராத்திரிக்கு என்று ஒரு படத்தை எடுத்து வையுங்கள். நான் இந்தியில் 2018ல் வந்த 'தும்பாட்' படத்தை வைத்திருந்தேன். அதில் மழை ஓயவே ஓயாது. வெளியே ஓட்டுக்கூரை மேல் மழை, உள்ளே படத்தில் மழை. எது எங்கே பெய்கிறது என்று ஒரு கட்டத்தில் தெரியவில்லை.

சின்ன வீடு, எல்லாரும் தூங்கணும். எங்கே உட்கார்ந்து பார்க்கிறது?

எங்கள் வீடும் ஒரே அறைதான், சமையலுக்குத் தடுப்பு ஒன்று. கடை மூடி, பத்தரைக்கு வீடு வந்து, காலை வெந்நீரில் வைத்து எடுத்து, சாப்பிட்டு முடிக்கப் பதினொன்று ஆகிவிடும். அப்புறம்தான் படம். அம்மா தூங்குகிற பக்கம் வெளிச்சம் விழாமல் சுவரோரமாக உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வேன்.

ஹெட்போன் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். வீட்டுக்காரர்களுக்காக மட்டும் சொல்லவில்லை, படத்துக்காகவும்தான். திகில் படத்தில் பாதிக்கு மேல் வேலை சத்தத்தில் நடக்கிறது. அதுவும் நம் பக்கத்தில் ராத்திரி என்பது அமைதியான நேரமே கிடையாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள், கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி, எங்கோ ஒரு சாவு வீட்டில் மரண கானாப் பாட்டு. இதற்கு நடுவே படத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் காதை அடைத்துத்தான் ஆக வேண்டும். காதின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்துக் கேட்டுப் பாருங்கள், வேறு ஒரு பயம் வரும். வாசலில் நாய் குரைத்தது படத்திலா தெருவிலா என்று புரியாது.

தீபாவளி 14ஆம் நாள் வந்தது. அன்று வெடிச் சத்தத்தில் எந்தப் படமும் பார்க்க முடியாது என்று தெரியும். அதனால் 1922ல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த ஊமைப்படம் 'நோஸ்ஃபெராட்டு'வை அன்றைக்கென்று வைத்திருந்தேன். சுவரில் நிழல் மட்டும் படி ஏறிப் போகும், அந்த விரல்கள் நீளும், வெளியே சரவெடி. சத்தமே இல்லாத படத்துக்குத் தெருவே பின்னணி இசை போட்டது. 'டிராகுலா' கதையை அனுமதி இல்லாமல் எடுத்ததற்காக அந்தப் படத்தின் பிரதிகளை அழிக்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவு போட்டது. தப்பிப் பிழைத்த பிரதிகளால்தான் தண்டையார்பேட்டை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இருட்டில்தான் பார்க்கணுமா?

வேண்டாம். ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். கண்ணுக்கும் நல்லது.

தினமும் பார்த்தால் பயமே போயிடாதா?

போகும், ஆனால் எல்லாமும் போகாது. இதை நான் என் உடம்பிலேயே கவனித்தேன்.

திடுக்கிடுவது உடம்பின் வேலை. சட்டென்று பெரிய சத்தம் வந்தால், மூளை யோசிப்பதற்கு முன்பே கண் இமை மூடும், தோள் தூக்கும், இதயம் அடித்துக்கொள்ளும். ஒரே மாதிரி திடுக்கிடல் திரும்பத் திரும்ப வந்தால் உடம்பு அதைக் கண்டுகொள்ளாமல் விட ஆரம்பிக்கும். ஒன்பதாம் நாளிலிருந்து எனக்கு அது நடந்தது. இசை திடீரென்று நின்றால், இதோ இரண்டு மூன்று விநாடியில் ஏதோ பாயப்போகிறது என்று விரலை மடக்கி எண்ணத் தொடங்கிவிட்டேன். 12ஆம் நாள் வரைக்கும் எந்தப் படமும் ஒட்டவில்லை. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அந்த நாலு நாளைத் தாண்டுங்கள். அதற்கு அப்புறம் வருவது வேறு அனுபவம். திடுக்கிடலை எதிர்பார்க்காத மனசு, அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்க ஆரம்பிக்கும். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தில் குளியலறைக் காட்சிக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து இசை போட்டிருக்கிறார். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்கு சாக்லேட் சிரப் போதுமானதாக இருந்தது. நான் அந்தக் காட்சியை ஒருமுறை சத்தத்தோடும் ஒருமுறை சத்தத்தை நிறுத்தியும் பார்த்தேன். சத்தம் இல்லாமல் அது ஒரு விபத்து மாதிரி இருக்கிறது. சத்தத்தோடு, நம்மையே குத்துவது மாதிரி இருக்கிறது.

ஜப்பானின் 'ரிங்' (1998) படத்தில் டிவியிலிருந்து வெளியே வருகிற பெண்ணின் நடை ஏன் அத்தனை கோணலாகத் தெரிகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நடித்தவரைப் பின்னோக்கி நடக்க வைத்து, படம்பிடித்ததைத் திருப்பி ஓடவிட்டார்கள். மனுஷ உடம்புதான், காலம் மட்டும் தலைகீழ். இது தெரிந்த பிறகும் எனக்கு அந்தக் காட்சி பயமாகத்தான் இருக்கிறது. செய்முறை தெரிந்தால் பயம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை முயற்சி செய்து பார்க்கட்டும்.

தூக்கம் கெடாதா? கெட்ட கனவு வராதா?

முதல் வாரம் தூக்கம் கொஞ்சம் கெட்டது. படம் முடிந்ததும் படுத்தால் வராது. அரை மணி நேரம் வேறு ஏதாவது வேலை செய்யுங்கள். நான் மறுநாளைக்கு வெங்காயம் உரித்து வைப்பேன்.

ஒரே ஒரு ராத்திரி மட்டும் நிஜமாகவே நடுங்கினேன். 'ஈரம்' பார்த்து முடித்துப் படுத்தபோது மணி ஒன்றரை. நாலரைக்கு அம்மா எழுப்பி, "மெட்ரோ வாட்டர் வந்துச்சு, போய் அடி" என்றார். பம்பு வீட்டுக்குப் பின்னால், ரெண்டு சுவருக்கு நடுவே ஒரு ஆள் நிற்கிற இடத்தில் இருக்கிறது. அடிபம்பை முதல் நாலு தடவை அடித்தால் காற்று மட்டும்தான் வரும். உள்ளே யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு குழாய்க்குள் எங்கிருந்தோ தண்ணீர் ஏறி வருவது கைப்பிடியிலேயே தெரியும், கனம் கூடும். வருஷக்கணக்காக அடிக்கிற பம்பு. அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். மூன்று குடம் நிரப்பிவிட்டு, குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வீட்டுக்குள் வந்தேன்.

வீட்டில் பெரியவங்க வேண்டாம்னு சொன்னால்?

அம்மாவும் சொன்னார். "வெள்ளி செவ்வாய்ல இன்னாத்துக்கு இந்தக் கர்மம்?" என்பது முதல் நாள் கேட்டது. காத்து கருப்பு என்பதை அம்மா நம்புகிறவர். நான் அதற்காக அவரோடு வாதம் செய்யவில்லை, நீங்களும் செய்ய வேண்டாம். நம்பிக்கையோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு மாதம் அதே அறையில் படம் பார்க்க முடியாது. வாரம் ஒருமுறை கல்லுப்பும் மிளகாயும் தெருமண்ணும் எடுத்து எனக்குச் சுற்றிப்போட்டு அடுப்பில் போட்டார். மிளகாய் நெடி வரவில்லை, கண்ணு பட்டிருக்கு என்றார். சரி என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஜனங்களுக்குப் பேயும் சுடுகாடும் புதிதல்ல. மாசி அமாவாசைக்கு மயானக் கொள்ளை வருகிறது. அங்காளம்மன், காளி வேஷம் போட்டு, பம்பை உடுக்கை அடித்துக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு சுடுகாட்டுக்கே போய்த் திரும்புகிறவர்கள் நாம். சாவு வீட்டில் ராத்திரி முழுக்க கானா பாடி, செத்தவரோடு பேசுகிறவர்கள். என் அம்மா பயப்படுவது பேய்க்கு இல்லை, பேயை விளையாட்டாக எடுத்துக்கொள்வதற்கு. அது புரிந்த பிறகு நான் படம் பார்க்கிற விதமே மாறியது. 'யாவரும் நலம்' அன்று அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சீரியல் பார்க்கிறவர் என்பதால் அந்தப் படம் அவருக்கு உடனே பிடிபட்டது. மலையாளப் படங்களை, நான் ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கதை சொல்லச் சொல்லப் பார்த்தார்.

பேய்க் காமெடி கணக்கில் வருமா?

வரும், ஆனால் மாதத்துக்கு நாலுக்கு மேல் வேண்டாம். 2011ல் 'காஞ்சனா' வந்தபோது வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் பார்த்தேன். சிரிப்பும் விசிலுமாக இருந்த கூட்டம், சரத்குமார் நடித்த அந்தத் திருநங்கையின் கதை வருகிற இடத்தில் அடங்கிப்போனது நன்றாக நினைவிருக்கிறது. நகைச்சுவை எவ்வளவு இருந்தாலும் அநியாயமாகச் செத்த ஒருவரின் குரல் நடுவில் இருந்தால் எனக்கு அது பேய்ப்படம்தான். அது இல்லாமல் ஆளாளுக்குக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வது மட்டும் என்றால் நான் சேர்க்கவில்லை.

பிள்ளைகளைக் கூட வெச்சுக்கலாமா?

படத்தின் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். 'ஏ' என்றால் 18 வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். 2024லிருந்து யு/ஏ என்பதையே 7+, 13+, 16+ என்று பிரித்துத் தருகிறார்கள், அது நல்ல உதவி. சித்தி வீட்டுச் சின்னவன் ஒன்பது வயது, அடம்பிடித்தான். நான் காட்டவில்லை. சின்ன வயதில் கேட்ட சத்தம் எத்தனை வருஷம் கூடவே வரும் என்று எனக்குத் தெரியும்.

யார் இதைச் செய்யக்கூடாது?

இதய நோய் உள்ளவர்கள், பதற்ற நோய்க்கு மாத்திரை எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். விளக்கு விட்டுவிட்டு மின்னுகிற காட்சிகள் நிறைய வரும் என்பதால் வலிப்பு உள்ளவர்களும் அப்படியே. வீட்டில் சமீபத்தில் சாவு விழுந்திருந்தால் அந்த வருஷம் விட்டுவிடுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஒரு ஓடிடி சந்தா, தினம் கிடைக்கிற டேட்டா. படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் அதற்குள் அடங்கும். காசில்லாமல் நேர்வழியில் பார்க்கவும் படங்கள் உண்டு. 1968ல் அமெரிக்காவில் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்குத் தலைப்பை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பைச் சேர்க்க விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அது பொதுச் சொத்து. திருட்டுப் பிரிண்ட் வேண்டாம். இருட்டுக் காட்சிகள் அதில் வெறும் கறுப்புப் பட்டைதான்.

ஒரு நாள் விட்டுப்போனால்?

மறுநாள் இரண்டு பாருங்கள். 22ஆம் நாள் அடைமழையில் கரண்ட் போய்விட்டது, மொபைலிலும் சார்ஜ் இல்லை. மேல் போர்ஷன் அண்ணன் மெழுகுவத்தியோடு இறங்கி வந்து, நடுக்கடலில் ராத்திரி வலை இழுக்கும்போது கேட்கிற சத்தங்களைப் பற்றிச் சொன்னார். அதையே அன்றைய படமாக எழுதிக்கொண்டேன்.

30ல் மனசில் நின்றது எது?

மிஷ்கினின் 'பிசாசு', 2014. படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிடுங்கள், கதையின் முக்கியமான இடத்தைச் சொல்லப்போகிறேன்.

விபத்தில் இறந்துபோகிற ஒரு பெண், தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவனின் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பழிவாங்க வரவில்லை. கடைசிப் பகுதியில் அவளுடைய அப்பாவை ஐஸ் தொழிற்சாலையில் பார்க்கிறோம். மகளின் உடம்பை எரிக்க மனசு வராமல், ஐஸுக்குள் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார். ராதாரவி நடித்திருப்பார்.

அதை 27ஆம் நாள் பார்த்தேன். மேல் போர்ஷன் அண்ணனும் கூட இருந்தார். முன்பு கடலுக்குப் போனவர், இப்போது காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிற வேலை. ஐஸ் கட்டியை இயந்திரத்தில் போட்டு உடைத்து, படகின் அடியில் இருக்கிற கிடங்குக்குள் கொட்டுவது. அவர் கையை நீங்கள் பார்க்க வேண்டும், விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் சுருங்கி, காய்ந்த பிறகும் ஈரமாகவே தெரியும். அவருடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. காணாமல் போனவரைச் சட்டம் இறந்தவராக எடுத்துக்கொள்ள ஏழு வருஷம் ஆகும். அந்த ஏழு வருஷமும் அவருடைய அம்மா பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தார் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

ஐஸ் தொழிற்சாலைக் காட்சி வந்தபோது அண்ணன் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெறும் படத்தை மட்டும் பார்த்தார். முடிந்து கொஞ்ச நேரம் கழித்து, "உடம்புன்னு ஒண்ணு கிடைச்சிருந்தா நாங்களும் இப்படித்தாம்மா வெச்சிருந்திருப்போம்" என்றார்.

மணி ரெண்டு ஆகியிருந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐஸ் ஏற்றக் கிளம்பிவிட்டார். எண்ணெயில்லாத அவர் சைக்கிள் செயின் சத்தம் தெருமுனை திரும்புகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தது.